நுரையீரல் காயமும் விலங்கு ஆய்வுகளும்: இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி போன்ற ஊர்களுக்கு மூச்சு நோய்களைப் பற்றிப் பேசப் போகும்போது, நான் எலிகளின் நுரையீரலை ஆராய்ந்தவன் என்று தெரிந்ததும் கேள்விகள் அந்தப் பக்கம் திரும்பிவிடுகின்றன. மீனவர்கள், சங்கு குளிப்பவர்கள், பாசி எடுக்கும் பெண்கள், கரி மூட்டம் போடுபவர்கள், மருந்தியல் படிக்கும் அவர்களுடைய பிள்ளைகள் என்று பலரும் கேட்டவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, நின்றபடியே சொன்ன அரைகுறைப் பதில்களை இங்கே முழுமையாக எழுதியிருக்கிறேன்.

நுரையீரல் காயம் என்று எதைச் சொல்கிறீர்கள்? விலா எலும்பு முறிந்து குத்துவதையா?

அதுவும் காயம்தான், ஆனால் இங்கே பேசப்படுவது கண்ணுக்குத் தெரியாத காயம். நாம் இழுக்கும் காற்று கடைசியாகச் சென்று சேரும் இடம் காற்று நுண்ணறைகள். அவற்றின் சுவர் மிக மெல்லியது. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் இரத்தம். இந்தச் சுவர் கசியத் தொடங்கினால், இரத்தத்தின் நீரும் புரதமும் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நிரம்பிவிடும். அதன் பிறகு எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் அது போதிய அளவு இரத்தத்தைச் சென்றடையாது. 1967 ஆம் ஆண்டில் ஆஷ்பா, பெட்டி முதலிய அமெரிக்க மருத்துவர்கள் 12 நோயாளிகளிடம் இந்த நிலையைக் கண்டு, லான்செட் இதழில் எழுதினார்கள். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதை ஏ.ஆர்.டி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

இதற்குக் காரணங்கள் பல. கடுமையான நிமோனியா, உடலெங்கும் பரவிய நோய்த்தொற்று, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போவது ஆகியவை எல்லா ஊர்களுக்கும் பொதுவானவை. நம் கரையில் இன்னும் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடலில் மூழ்கிப் பிழைத்தவர்களின் நுரையீரல் அவற்றுள் ஒன்று. ஐஸ் ஆலைகளில் குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா கசிந்தால் அதைச் சுவாசித்தவர்களின் நுரையீரல் மற்றொன்று.

விலங்கு மாதிரி என்றால் என்ன?

மனிதருக்கு வரும் ஒரு நோயின் ஏதேனும் ஒரு பகுதியை, கட்டுப்பாடான சூழலில் ஒரு விலங்கின் உடலில் உண்டாக்கிப் பார்ப்பதையே விலங்கு மாதிரி என்கிறோம். ‘ஒரு பகுதியை’ என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முழு நோயும் எந்த எலியிடமும் வருவதில்லை. சர்க்கரை நோய் உள்ள, முப்பது ஆண்டுகள் பீடி குடித்த, நான்கு நாள் காய்ச்சலோடு வீட்டில் கிடந்துவிட்டுத் தாமதமாக மருத்துவமனைக்கு வந்த அறுபது வயதுக்காரரின் நுரையீரலை, எட்டு வார வயதுள்ள ஆரோக்கியமான சுண்டெலியிடம் யாராலும் உருவாக்க முடியாது. சுவர் எப்படிக் கசிகிறது, வெள்ளணுக்கள் எந்த வழியாக உள்ளே வருகின்றன, தேங்கிய நீரை நுரையீரல் எப்படி வெளியேற்றுகிறது என்பன போன்ற தனித்தனிக் கேள்விகளை மட்டுமே அதனிடம் கேட்க முடியும்.

நோயாளிகளிடமே இதை ஆராயலாமே?

ஆராய்கிறார்கள். ஆனால் நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது காயம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்; அதன் முதல் சில மணி நேரத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வேண்டுமென்றே ஒரு மனிதரின் நுரையீரலைக் கடுமையாகக் காயப்படுத்திப் பார்ப்பது எக்காலத்திலும் ஏற்க முடியாத செயல்.

விலங்கின் நுரையீரலில் காயத்தை எப்படி உண்டாக்குகிறார்கள்?

கேட்கப்படும் கேள்விக்கு ஏற்ப வழி மாறும். சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சை, மயக்கத்தில் உள்ள சுண்டெலியின் மூச்சுக்குழாயில் சில துளிகள் விட்டால், ஒரு நாளுக்குள் வெள்ளணுக்கள் திரளாக நுரையீரலுக்குள் வந்துவிடும். மிக அதிகமாகப் பயன்படுவது இந்த முறைதான். வாந்தி உள்ளே போவதை ஒத்த காயத்துக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பயன்படுகிறது. கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற நியூயார்க் மருத்துவர், பிரசவ நேரத்தில் மயக்க மருந்து பெற்ற பெண்களுக்கு இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் போனால் என்ன நேரும் என்பதை முயல்களிடம் ஆராய்ந்து 1946 இல் எழுதினார். அறுவை சிகிச்சைக்கு முன்பு எதுவும் சாப்பிடக் கூடாது என்று மருத்துவமனையில் இன்று அவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குப் பின்னால் அந்த ஆய்வும் இருக்கிறது.

எலும்பு முறிவில் கொழுப்பு இரத்தத்தில் கலப்பதை ஒத்த காயத்துக்கு, நாய், பன்றி, ஆடு போன்ற பெரிய விலங்குகளின் இரத்தத்தில் ஓலிக் அமிலத்தைச் செலுத்துகிறார்கள். நுரையீரலை உப்பு நீரால் மீண்டும் மீண்டும் கழுவி, நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பை நீக்குவதும் ஒரு முறை. குடலில் துளையிட்டு உடலெங்கும் தொற்றைப் பரவச் செய்யும் முறை, மிகையான ஆக்சிஜனில் பல நாள் வைக்கும் முறை, வென்டிலேட்டரால் அளவுக்கு மீறி ஊதும் முறை ஆகியவையும் உண்டு. நுரையீரல் தழும்பேறி இறுகுவதை ஆராய, புற்றுநோய்க்குத் தரப்படும் பிளியோமைசின் மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். அந்த மருந்து மனித நுரையீரலிலும் இதே தழும்பை உண்டாக்கக்கூடியது என்பதால் வந்த வழி அது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆய்வைத் தொடங்கிய காலத்தில், நச்சு கொடுத்த எலிகளோடு ஒப்பிடுவதற்காக வெறும் உப்பு நீர் மட்டும் விட்ட எலிகளின் நுரையீரலிலும் வெள்ளணுக்கள் குவிந்திருந்தன. இரண்டு மாதம் தேடிய பிறகே, நாங்கள் பயன்படுத்திய உப்பு நீரிலேயே எண்டோடாக்சின் கலந்திருந்தது தெரிந்தது. அதைக் காட்டிக்கொடுத்த சோதனை, அமெரிக்கக் கடற்கரையில் வாழும் குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து செய்யப்படுவது; இந்த நச்சு துளியளவு பட்டாலும் அந்த இரத்தம் உறைந்துவிடும். அந்த இரண்டு மாதத்தில் வீணான எலிகளை நான் இன்றும் மறக்கவில்லை. முதல் நாளே சோதித்திருந்தால் அவை பிழைத்திருக்கும்.

காயம் எவ்வளவு என்பதை எப்படி அளக்கிறீர்கள்?

கருவாடு போடும் குடும்பத்தாருக்கு இதை விளக்குவது எளிது. பச்சை மீனை நிறுத்து, காயவைத்து, மறுபடியும் நிறுத்தால், எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று தெரிந்துவிடும். நாங்களும் அதையே செய்கிறோம். எலியின் நுரையீரலை எடுத்தவுடன் நிறுத்து, சூடான அடுப்பில் இரண்டு மூன்று நாள் உலரவைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலையில் மீண்டும் நிறுக்கிறோம். ஈர எடையை உலர் எடையால் வகுத்து வரும் எண் கூடியிருந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். எலியின் நுரையீரல் கட்டை விரல் நுனியளவே இருக்கும். காய்ந்த பிறகு வெங்காயச் சருகு போலத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். மின்விசிறிக் காற்றில் அது பறந்துவிடாமல் தராசின் கண்ணாடிக் கதவை மூடிவிட்டுத்தான் நிறுக்க வேண்டும்.

நீர் மட்டும் போதாது. நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் எத்தனை வெள்ளணுக்கள், எவ்வளவு புரதம் என்று எண்ணுகிறோம். இரத்தத்தில் எவான்ஸ் நீலம் என்ற சாயத்தைச் செலுத்தினால், அது ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கசிந்த இடத்துக்கெல்லாம் போகும். நுரையீரல் நீலமேறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அமெரிக்க மார்பு நோய்ச் சங்கத்தின் சார்பில் 2011 இல் வெளியான அறிக்கை நான்கு அடையாளங்களைக் குறித்தது: நுண்ணோக்கியில் தெரியும் திசுக்காயம், சுவரின் கசிவு, அழற்சி, சுவாசச் செயல் குறைவு. இவற்றுள் குறைந்தது மூன்றையாவது காட்ட வேண்டும் என்பது அதன் பரிந்துரை. வெள்ளணுக்கள் குறைந்ததை மட்டும் காட்டி ‘நுரையீரல் காயம் குணமானது’ என்று எழுதும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை.

கடலில் மூழ்கியவர்களைப் பற்றி விலங்கு ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்தக் கரையில் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். விலங்கு ஆய்வு எப்படி வழிகாட்டும், எப்படி வழிதவறச் செய்யும் என்ற இரண்டையும் இதிலேயே பார்க்கலாம்.

கடல் நீரில் உப்பு சுமார் 3.5 விழுக்காடு, நம் உடல் திரவத்துக்கு இணையான உப்பு நீரில் 0.9 விழுக்காடுதான். ஆகவே கடல் நீர் நுண்ணறைக்குள் போனால், இரத்தத்திலிருந்து நீரைத் தன் பக்கம் இழுக்கும். உள்ளே போன அளவைவிட நுரையீரலில் தேங்கும் நீர் கூடிவிடும். கூடவே சர்ஃபாக்டன்டும் கெடும். நாய், முயல், எலி ஆகியவற்றின் மூச்சுக்குழாயில் கடல் நீரைச் செலுத்திச் செய்த ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிந்தது. கரைக்கு வந்து எழுந்து உட்கார்ந்து பேசியவர் சில மணி நேரத்தில் மூச்சுத் திணறக்கூடும் என்பதற்கான விளக்கம் இதுவே.

வழிதவறிய கதையும் உண்டு. 1940களில் ஸ்வான் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் நாய்களை முழுவதுமாக நீரில் மூழ்கச் செய்து ஆராய்ந்தார்கள். நன்னீரில் மூழ்கிய நாய்களின் இரத்தம் நீர்த்துப்போய் இதயம் தாறுமாறாகத் துடித்தது. கடல் நீரில் மூழ்கியவற்றின் இரத்தம் கெட்டிப்பட்டது. ஆகவே குளத்தில் மூழ்கியவருக்கு ஒரு சிகிச்சை, கடலில் மூழ்கியவருக்கு வேறொரு சிகிச்சை என்று நெடுங்காலம் பாடம் நடந்தது. பின்னர் 1960களில் மோடெல் என்ற மருத்துவர் மூழ்கியவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, பெரும்பாலானவர்களிடம் அந்த உப்பு மாற்றங்கள் உயிருக்கு ஆபத்தான அளவில் இல்லை. காரணம் எளியது: அந்த நாய்களின் நுரையீரலுக்குள் போன அளவு நீர், பெரும்பாலான மனிதர்களின் நுரையீரலுக்குள் போவதில்லை. நாய் சொன்ன பதில் தவறில்லை. கேட்கப்பட்ட கேள்விதான் மனிதருக்கு நேர்வதோடு பொருந்தவில்லை. நன்னீரானாலும் உப்பு நீரானாலும் ஆளைக் கொல்வது ஆக்சிஜன் இல்லாமைதான் என்பது இன்று நிலைபெற்ற கருத்து.

ஆகவே, கரைக்குத் தூக்கி வந்தவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவதையும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்க முயல்வதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவர் மூச்சுவிடவில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். பிறகு மார்பை அழுத்த வேண்டும். உடனிருப்பவர் 108 ஐ அழைக்க வேண்டும். பிழைத்தவர் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும், அன்றே மருத்துவமனையில் காட்டுங்கள்.

சங்கு குளிப்பவர்களுக்கு விலங்கு ஆய்வால் ஏதேனும் பயன் உண்டா?

உண்டு. ஆழத்திலிருந்து படிப்படியாக மேலே வர வேண்டும் என்ற கால அட்டவணையை 1908 இல் ஜான் ஹால்டேனும் உடன் பணியாற்றியவர்களும் வெள்ளாடுகளைக் கொண்டு வகுத்தார்கள். அழுத்தம் வேகமாகக் குறைந்து ஆட்டின் காலில் வலி வந்தால் அது காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அதை வைத்தே கண்டுகொண்டார்கள். கம்ப்ரசர் காற்றில் குளிப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வரக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே வர வர உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

எலிக்கும் மனிதனுக்கும் நுரையீரல் ஒன்றுபோலவா இருக்கிறது?

அடிப்படை ஒன்று, விவரங்கள் வேறு. சுண்டெலியின் எடை 20 முதல் 30 கிராம். ஒரு மூச்சில் அது இழுக்கும் காற்று ஏறக்குறைய 0.2 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் மூச்சு விடும். இடது நுரையீரலில் ஒரே மடல், வலதில் நான்கு. வாயால் மூச்சு விடாது. நம் இரத்தத்தின் வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்கள் என்ற வகை. அதன் இரத்தத்தில் அவை சிறுபான்மை. எண்டோடாக்சினை மனிதரைவிடப் பல மடங்கு அதிகமாகத் தாங்கும். 2013 இல் ஓர் ஆய்வுக் குழு, காயத்துக்கு எலியின் மரபணுக்கள் காட்டும் எதிர்வினை மனிதரோடு சற்றும் பொருந்தவில்லை என்று எழுதியது. அதே தரவுகளை வேறு விதமாக அலசிய ஜப்பானிய ஆய்வாளர்கள், நன்றாகவே பொருந்துகிறது என்று பதில் எழுதினார்கள். எந்த மரபணுவை, எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

இவ்வளவு விலங்குகளைப் பயன்படுத்தி, மனிதருக்கு உண்மையில் என்ன கிடைத்தது?

கைக்கு எட்டிய பலன்கள் எண்ணிக்கையில் குறைவு; ஆனால் ஒவ்வொன்றும் பெரிது.

நியூசிலாந்து மருத்துவர் கிரகாம் லிக்கின்ஸ், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்பதை அறிய, கருவிலிருந்த செம்மறி ஆட்டுக்குட்டிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். பிழைக்க முடியாத அளவு முன்கூட்டியே பிறந்த குட்டிகள் எதிர்பாராமல் மூச்சு விட்டன. அவற்றின் நுரையீரல் விரிந்திருந்தது. அதை அவர் 1969 இல் எழுதினார். 1972 இல் ரோஸ் ஹோவியுடன் சேர்ந்து 282 தாய்மார்களிடம் நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டார். ஸ்டீராய்டு பெற்ற குழுவின் குழந்தைகளில் 9 விழுக்காட்டினருக்கே மூச்சுத்திணறல் நோய் வந்தது. பெறாத குழுவில் அது 25.8 விழுக்காடு. குறைமாதப் பிரசவம் ஆகும் போலிருக்கும் தாய்க்கு நம் ஊர் மருத்துவமனைகளில் இன்று போடும் ஊசி அந்த ஆட்டுக்குட்டிகளிடமிருந்து வந்தது. என் அக்கா மகளுக்கு ஏழாம் மாதத்தில் அந்த ஊசி போட்டார்கள். அவளுடைய பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். இந்த வரிகளை எழுதும்போது அவன் முகம்தான் என் முன்னால் நிற்கிறது.

சர்ஃபாக்டன்டும் அப்படியே வந்தது. குறைமாத முயல் குட்டிகளிடம் அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளுக்குப் பின், 1980 இல் ஃபுஜிவாரா என்ற ஜப்பானிய மருத்துவர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்ததை 10 குழந்தைகளுக்குக் கொடுத்து, அவர்களின் மூச்சு சீரானதைக் காட்டினார்.

மூன்றாவது, வென்டிலேட்டர். 1974 இல் வெப், டியர்னி என்ற இருவர், அதிக அழுத்தத்தில் ஊதினால் எலியின் ஆரோக்கியமான நுரையீரலே ஒரு மணி நேரத்துக்குள் நீர் கோத்துக் கெட்டுவிடுவதைக் காட்டினார்கள். உயிர் காக்கும் இயந்திரமே காயப்படுத்தும் என்பதை ஏற்க மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் பிடித்தது. 2000 ஆம் ஆண்டில் 861 நோயாளிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு, உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒவ்வொரு மூச்சிலும் 12 மில்லிலிட்டர் காற்றுக்குப் பதில் 6 மில்லிலிட்டர் மட்டும் ஊதியபோது இறப்பு 39.8 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாகக் குறைந்ததைக் கண்டது. 60 கிலோ ஆளுக்கு 720 மில்லிலிட்டர் என்பது 360 ஆயிற்று. அவ்வளவுதான் மாற்றம், புதிய மருந்து எதுவும் இல்லை. குப்புறப் படுக்கவைக்கும் சிகிச்சையும், ஓலிக் அமிலத்தால் காயமுற்ற நாய்களிடம் 1987 இல் ஆராயப்பட்டு, 2013 இல் பிரான்சில் நடந்த பெரிய ஆய்வில் இறப்பைப் பாதியாகக் குறைத்தது. கொரோனா காலத்தில் குப்புறக் கிடந்து பிழைத்தவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

விலங்கிடம் பலித்த மருந்து மனிதரிடம் தோற்றது உண்டா?

பெரும்பாலானவை தோற்றிருக்கின்றன. ஆஸ்துமாவுக்குத் தரும் சால்பியூட்டமால் வகை மருந்துகள், விலங்குகளின் நுரையீரலில் தேங்கிய நீரை வேகமாக வெளியேற்றின. அந்த நம்பிக்கையில் பிரிட்டனில் ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளுக்குச் சால்பியூட்டமாலை இரத்தக்குழாய் வழியே கொடுத்த ஆய்வை, 326 பேர் சேர்ந்த நிலையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து பெற்றவர்களில் 34 விழுக்காட்டினர் 28 நாளுக்குள் இறந்தார்கள். பெறாதவர்களில் 23 விழுக்காட்டினர். 2012 இல் இந்த முடிவு வந்த வாரத்தில் எங்கள் ஆய்வகத்தில் யாரும் அதிகம் பேசவில்லை.

தோல்விக்கான காரணங்களுள் முதன்மையானது நேரம் என்பது என் கணிப்பு. எலிக்கு மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு காயப்படுத்துகிறோம்; எந்த நோயாளியும் காயத்துக்கு முன்னால் மருந்து சாப்பிட்டுவிட்டு வருவதில்லை. பிளியோமைசின் தந்த தழும்பு சுண்டெலியிடம் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையத் தொடங்கும். மனிதரின் நுரையீரல் இறுக்க நோய் அப்படித் தணிவதில்லை. ஆகவே எலியிடம் ‘குணப்படுத்தியது’ என்று தோன்றுவதில் ஒரு பகுதி எலியே குணமடைந்ததாக இருக்கலாம்.

கடற்பாசிச் சாறும் ஆடாதோடையும் எலிகளின் நுரையீரலைக் காத்தன என்று செய்தி வருகிறதே, நம்பலாமா?

செய்தி பொய் என்று தள்ள வேண்டாம். அதனிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். மருந்து காயத்துக்கு முன்பு தரப்பட்டதா, பின்பா? எலியின் எடைக்குக் கொடுத்த அளவை மனிதருக்குக் கணக்கிட்டால் அது குடிக்கக்கூடிய அளவா? எலிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனவா? நுண்ணோக்கியில் பார்த்தவருக்கு எது எந்தக் குழு என்று தெரியாமல் இருந்ததா? வேறொரு ஆய்வகம் அதையே செய்து பார்த்ததா? இவற்றுக்கு விடை இல்லாத வரை அது ஆராயத் தகுந்த ஒரு தொடக்கம் மட்டுமே. மூச்சுத் திணறுபவரை வீட்டில் வைத்துக்கொண்டு கஷாயம் கொடுக்க அது போதுமான காரணம் ஆகாது.

கரி மூட்டப் புகைக்கு எலி ஆய்வு உதவுமா?

சீமைக்கருவேல மூட்டத்துக்கு அருகில் பல ஆண்டுகள் நிற்பவருக்கு வருவது பெரும்பாலும் மெல்ல மெல்ல வரும் மூச்சுக்குழாய் அடைப்பு நோய். விறகுப் புகையை எலிக்கும் கினிப்பன்றிக்கும் மாதக்கணக்கில் கொடுத்து ஆராய்கிறார்கள். மூச்சுக்குழாயில் நாட்பட்ட அழற்சி தெரிகிறது. தீ விபத்தில் திடீரென்று புகையை இழுப்பதற்கு, பருத்தித் துணியை எரித்த புகையைச் செம்மறி ஆடுகளிடம் சோதித்த முறை டெக்சாஸில் உருவானது. ஆனால் புகை கெடுதி என்று மெய்ப்பிக்க இனி ஓர் எலியும் சாக வேண்டியதில்லை. தேவைப்படுவது மூட்டக்காரர்களுக்கு முறையான முகக்கவசமும், ஆண்டுக்கு ஒரு முறை ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையும்.

விலங்குகளுக்கு வலிக்காதா? கேட்பார் இல்லையா?

வலிக்கும். அதை மறைப்பது எனக்கு உடன்பாடில்லை. வலியைக் குறைக்க மயக்க மருந்தும் வலி நீக்கியும் தரப்பட வேண்டும்; குறிப்பிட்ட அளவுக்கு மேல் எடை குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஆய்வு முடியும் வரை காத்திராமல் அதன் உயிரை வலியின்றி முடித்துவிட வேண்டும். 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் கண்காணிப்புக் குழு இயங்குகிறது. 1998 இல் விதிகள் வந்தன. விலங்குகளை வைத்து ஆராயும் நிறுவனம் அந்தக் குழுவிடம் பதிவு செய்திருக்க வேண்டும். நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் ஓர் எலியைக்கூடத் தொட முடியாது. எத்தனை எலி, ஏன் அத்தனை, விலங்கு இல்லாமல் முடியாதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாற்று, குறைப்பு, செம்மை என்ற மூன்று நெறிகளை ரஸ்ஸலும் பர்ச்சும் 1959 இல் வகுத்தார்கள். அவற்றுள் ‘குறைப்பு’ என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முடிவே சொல்ல முடியாத அளவு குறைவான எலிகளைக் கொண்டு ஆய்வு செய்தால், அத்தனை எலிகளும் வீண்தான்.

விலங்கே இல்லாமல் செய்ய முடியாதா?

சிலவற்றை முடியும். நுண்ணறைச் சுவரை விரல் நீளச் சில்லில் வளர்த்து, மூச்சு விடுவது போல இழுத்துத் தளர்த்தும் கருவி 2010 இல் ஹார்வர்டில் உருவானது. மாற்று அறுவைக்குப் பயன்படாமல் போன மனித நுரையீரலை வெளியே வைத்து இயக்கியும் ஆராய்கிறார்கள். இந்தியாவின் மருந்து விதிகளும் 2023 இல் திருத்தப்பட்டு இத்தகைய முறைகளுக்கு இடம் தந்துள்ளன. ஆனால் குடலில் தொடங்கிய தொற்று இரத்தம் வழியே நுரையீரலைக் கெடுப்பதைக் காட்ட, இன்றைக்கு முழு உடல் வேண்டியிருக்கிறது.

ஆய்வு முடிந்ததும் அந்த எலியை என்ன செய்வீர்கள்?

தேவிபட்டினத்தில் பாசி எடுக்கும் அம்மா ஒருவர் இதைக் கேட்டார். மிகையான மயக்க மருந்தில் அது உறங்கிய பின் நுரையீரலை எடுத்து, ஒரு பாதியை உறைகுளிரில் வைக்கிறோம். மறுபாதியை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறோம். உடல் மஞ்சள் பையில் கட்டப்பட்டு எரியூட்டப் போகும். தகட்டின் ஓரத்தில் அதன் எண்ணும் தேதியும் இருக்கும். அந்தத் தகடுகளைப் பல ஆண்டுகள் பாதுகாக்கிறோம். பின்னர் வரும் மாணவருக்குப் புதிய கேள்வி ஒன்று எழுந்தால், புதிய எலியைத் தேடும் முன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன்.